வெயிலில் எடுத்த அளவு

கப்பல் வெயிலுக்கு வளையும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மேல்தளம் வெயிலில் காய்ந்து நீளும். அடிவயிறு குளிர்ந்த தண்ணீரிலேயே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட இரும்புக்கூடு, சோம்பல் முறிக்கும் பூனையின் முதுகு போல மெல்ல உயரும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளே படுத்திருக்கும் ஷாஃப்ட்டுக்குத் தெரியும். இன்ஜினின் வேகத்தை கியர்பாக்ஸிலிருந்து வாங்கிப் பின்னால் இருக்கும் புரொபெல்லருக்குக் கொண்டுபோகிற நீண்ட இரும்புத்தண்டு அது. கியர்பாக்ஸும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு மயிரிழை பிசகினாலும், ஷாஃப்ட்டைத் தாங்குகிற பேரிங் சூடேறிக் கருகிவிடும். அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த அளவை விடியற்காலையில், வெயில் கப்பலைத் தொடுவதற்கு முன்னால் எடுப்பார்கள்.

அவன் இதை ஒருமுறை அக்காவுக்கு விளக்கிச் சொன்னான். அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அவ்வளவு பெரிய கப்பலே வெயிலுக்கு வளைஞ்சு குடுக்குது. நீ எதுக்காவது வளையறியாடா பெட்டி?"

பெட்டி என்பது அவள் வைத்த பெயர். அவன் வேலை அப்படி. எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் படுத்துவிட்டது என்று கம்பெனி போன் செய்தாலும் போய், ஷாஃப்ட்டையும் கியர்பாக்ஸையும் சரிசெய்து ஓட வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்புகிற இடம் அக்கா வீடு. அங்கே செருப்பு அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அவனுடைய சக்கரப்பெட்டி நிற்கும். அதை முழுதாகப் பிரித்து அடுக்கியதை யாரும் பார்த்ததில்லை. பெண் பார்க்கலாம் என்று மாமா பேச்செடுத்தால், "பெட்டிக்கு யாருங்க பொண்ணு குடுப்பா? வேணும்னா ஒரு பூட்டு வாங்கிக் கட்டி வைங்க" என்பாள் அக்கா.

அவனைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். தெருமுனையில் ஒரு தையல்கடை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் துணி தைக்க வருகிறார்கள், மீதிப் பேர் அவள் வாயைக் கேட்க வருகிறார்கள் என்று மாமாவே சொல்வார். அவள் திட்டினால் திட்டு வாங்கியவனும் சிரித்துக்கொண்டுதான் போவான்.

அவள் பேச்சை முழுதாகக் கேட்க முடியாத ஒரே ஆள் தம்பிதான். இன்ஜின் அறையில் காதுக்கு அடைப்பான் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் பேரிங் நோயாளி மாதிரி. அது முனகுவதைக் கேட்டால்தான் நோய் தெரியும். கேட்பதற்காகக் கழற்றிக் கழற்றி, முப்பத்தைந்து வயதுக்குள் அவன் காது பாதி போய்விட்டது. எதிரில் உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்து, கொஞ்சம் சத்தத்தையும் சேர்த்துக்கொண்டு புரிந்துகொள்வான். போனில் என்றால் அரைகுறைதான். புரியாதபோது, "சரிக்கா" என்று சொல்லி வைப்பான். அவளா விடுவாள்?

"என்ன சரி? நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்?"

அவன் முழிப்பான். அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அந்த வருஷம் அக்காவின் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றார்கள். கத்திக் கத்திப் பேசியதால் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, தொண்டையில் கட்டி என்றும், குரல்வளையோடு சேர்த்து எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றும் சொன்னார்கள். எடுத்துவிட்டால் கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு. பேச்சு இல்லை. ஆபரேஷன் சனிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள்.

அப்போது அவன் வேறொரு நாட்டில், ஒரு சரக்குக் கப்பலின் அடிவயிற்றில் இருந்தான். மாமாதான் போன் செய்தார். மாமாவின் குரல் காலி அண்டாவை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி இருக்கும். அவன் காதுக்கு அதுதான் ஒத்துப்போகும். ஆகவே அக்கா பக்கத்தில் நின்று கரகரவென்று சொல்ல, மாமா அதை உரக்கச் சொன்னார்.

"சனிக்கிழமைக்கு முன்னாடி வந்துடணுமாம்."

"வந்துடறேன் மாமா. வெள்ளிக்கிழமை அங்க இருப்பேன். அக்கா என்ன சொல்றா?"

"உன்னை ஆசை தீரத் திட்டணுமாம். பாக்கி நிறைய இருக்காம். அதையெல்லாம் முடிச்சுட்டுத்தான் கழுத்தைக் குடுப்பாளாம்."

"ரெகார்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கறேன்."

மறுமுனையில் ஏதோ உரசுகிற சத்தம். மாமா சிரித்தார்.

"'பதிவு பண்ணிப் போட நான் என்ன ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பா'ங்கறா. மூஞ்சியைப் பார்த்துத் திட்டினாத்தான் திட்டாம். இரு, இன்னும் ஏதோ சொல்றா… 'இத்தனை வருஷம் செவிடன் காதுல சங்கு ஊதினேன். இப்ப அந்தச் சங்கையே அறுக்கப் போறாங்க. கடைசியா ஒரு தடவை ஊதிட்டுப் போறேன், வரச் சொல்லுங்க'ன்றா."

சொல்லி முடித்தபோது அண்டா உருளுவது நின்றிருந்தது. அவன், "வந்துடறேன், வந்துடறேன்" என்று இரண்டு முறை சொன்னான்.

கணக்குப் போட்டால் வந்துவிடலாம்தான். கப்பலின் ஷாஃப்ட்டை உலர்துறையில் வெளியே எடுத்துப் பழுதுபார்த்து, மறுபடி மாட்டியாகிவிட்டது. கப்பலை ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். திங்கள் விடியற்காலையில் அளவு. அளவு சரியாக வந்ததும் கியர்பாக்ஸின் கால்களுக்கு அடியில் ரெசின் ஊற்ற வேண்டும். தேன் பதத்தில் இருக்கும் பிசின் அது; ஊற்றியதும் தானாகவே சூடாகி இறுகும். இரண்டு நாளில் கல்லாகிவிடும். அதன்பிறகு போல்ட்டை முறுக்கி, வியாழக்கிழமை கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இரவே விமானம் ஏறினால் வெள்ளிக்கிழமை அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்துவிடலாம்.

திங்கள் இருட்டு பிரிவதற்கு முன்பே இறங்கிவிட்டான். ஷாஃப்ட் இருக்கும் அறை சுரங்கம் போல நீளமாக, குனிந்துதான் நடக்க முடிகிற உயரத்தில் இருந்தது. பழைய எண்ணெயும் புதுப் பெயிண்டும் கலந்த வாசனை. கியர்பாக்ஸின் வட்டமான இரும்பு முகமும் ஷாஃப்ட்டின் முகமும் முத்தம் கொடுக்கப்போகிற தூரத்தில் நின்றன. அந்த இடைவெளியில்தான் மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகி, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, பக்கங்களில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அதற்கு முன் கப்பல் சாயாமல் சமமாக மிதக்க வேண்டும். அதற்காக அடித்தொட்டிகளில் இருக்கும் தண்ணீரை இரவே மாற்றி வைக்கச் சொல்லியிருந்தான்.

மாற்றவில்லை. ஏதோ ஒரு வால்வு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததாம். அதை வழிக்குக் கொண்டுவந்து, தண்ணீரை இறைத்து, கப்பல் நேராக நிமிர்ந்தபோது மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

துறையின் போர்மேன் படியிறங்கி வந்தார். வயிறு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"கடையைக் கட்டுங்க சார். நாளைக்கு விடியக்காலையில எடுப்போம்."

"நாளைக்கு எடுத்தா ஒரு நாள் போயிடும் அண்ணே."

"ஒரு நாள்தானே? கப்பல் எங்கயும் ஓடிடாது. ஓடற மாதிரி இருந்தா உங்களை எதுக்குக் கூப்பிடறாங்க?"

ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள்தான் வெள்ளிக்கும் சனிக்கும் உள்ள வித்தியாசம். நாளை அளவெடுத்தால் வெள்ளிக்கிழமைதான் கடலோட்டம். சனிக்கிழமை அவன் விமானத்தில் இருப்பான். அக்கா ஆபரேஷன் மேஜையில் இருப்பாள். அவன் மேல்தளத்துக்கு ஏறிப்போய் இரும்பைத் தொட்டுப் பார்த்தான். வெந்நீர்ப் பாத்திரம் போலச் சுட்டது. வானத்தைப் பார்த்தான். ஓரத்தில் எங்கோ ஒரு துண்டு மேகம், கிழிந்த துணி மாதிரி. அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டான்.

கப்பலின் தலைமைப் பொறியாளர், எல்லோருக்கும் சீஃப், அங்கே நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான, குரல் உயர்த்தாத மனிதர்.

"வெயில் ஏறிடுச்சேப்பா. பரவாயில்லையா?"

"மேகம் கூடுது சார். இந்த நீளக் கப்பலுக்கு அவ்வளவா வித்தியாசம் வராது."

"நீ சொன்னா சரி" என்றார் சீஃப்.

அவன் இறங்கிப்போய் அளவெடுத்தான். அளவு மோசமாக வந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். எதிர்பார்த்த எண்ணுக்கு அச்சு அசலாக வந்தது. வளைந்த கப்பலுக்குள் வளைந்த அளவு எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் வரும் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வேண்டிய பதில் கிடைத்த பிறகு கேள்வியைத் திரும்பப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? மாலைக்குள் ரெசினைக் கலக்கி ஊற்றிவிட்டான்.

கைகழுவிவிட்டு மேலே வந்து போனை எடுத்தபோது மாமாவின் செய்தி வந்து கிடந்தது.

"ஆபரேஷன் சனிக்கிழமை இல்லை. அடுத்த திங்கட்கிழமை. உன் அக்கா டாக்டரிடம் சண்டை போட்டு மாற்றிவிட்டாள். தம்பி வராமல் கழுத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். டாக்டரே சிரித்துவிட்டார். நீ அவசரப்படாமல் மெதுவாக வா."

அவன் அதை மூன்று முறை படித்தான். பிறகு மறுபடி கீழே இறங்கினான்.

போர்மேன் கியர்பாக்ஸ் பக்கத்தில் குந்தி, ஊற்றிய ரெசினில் விரல் நுனியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்போதுதான் சூடு பிடிக்கத் தொடங்கியிருந்தது. அல்வா பதம். கரண்டியால் வழித்தால் வந்துவிடும்.

"இன்னும் ரெண்டு டின் மிச்சம் இருக்கு சார்" என்றார் அவர், அவனைப் பார்க்காமலே.

"எதுக்கு?"

"சும்மா சொன்னேன். இப்ப வழிச்சு எடுத்துட்டா சுலபம். விடிஞ்சா வழிக்க வராது. அப்புறம் உளியும் சுத்தியலும்தான்." விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார். "பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லுவாங்க."

அவர் எதற்காகச் சொல்கிறார் என்று அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. உதட்டைப் பார்க்கக்கூடத் தேவையில்லை. இப்போது வழித்து எடுத்துவிட்டு நாளை விடியலில் அளவெடுத்தாலும், வெள்ளிக்கிழமை கடலோட்டம் முடித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்கா எதிரில் போய் உட்கார்ந்துவிடலாம். நேரம் கையில் இருந்தது. செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: சீஃபிடம் போய், "வெயிலில் எடுத்துவிட்டேன் சார், தப்பு" என்று சொல்வது.

அதைத்தான் அவனால் செய்ய முடியவில்லை. கம்பெனியில் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. ஒருமுறை தொட்டால் மறுமுறை தொட வேண்டியிராது என்ற பெயர். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மனசு வக்கீல் வைத்து வாதாடியது. ஒருவேளை சரியாகவே இருந்தால்? நன்றாக இருக்கிற வேலையையா வழித்துப் போடுவது?

"சரியாத்தான் அண்ணே இருக்கு" என்றான்.

"சரி" என்றார் போர்மேன். எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் அனுப்பிப் பின்னால் போனார்.

செவ்வாயும் புதனும் அவன் போல்ட்டுகளைத் துடைத்துக்கொண்டும், எண்ணெய்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டும், ரெசின் இறுகுவதைத் தடவிக்கொண்டும் கழித்தான். புதன்கிழமை அதில் நகத்தால் கீறிப் பார்த்தான். நகம்தான் தேய்ந்தது.

வியாழக்கிழமை கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். கரை மறையும்வரை மெதுவாக ஓடியபோது எல்லாம் நன்றாக இருந்தது. சீஃப் அவனுக்கு ஒரு டீ கொண்டுவரச் சொன்னார். வேகத்தைக் கூட்டினார்கள். அவன் பேரிங்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். வெதுவெதுப்பு. கொஞ்சம் போனதும் சூடு. இன்னும் கொஞ்சம் போனதும் கையை வைக்க முடியவில்லை. காதடைப்பானைக் கழற்றினான். மற்றவர்களுக்கு அந்த இரைச்சலில் எதுவும் பிரித்துத் தெரியாது. அவனுடைய பாழான காதுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது. அடித்தொண்டையில் கரகரவென்று ஒரு உரசல். அக்காவின் குரல் கம்ம ஆரம்பித்தபோது கேட்ட அதே உரசல்.

அவன் கையைத் தூக்கி, வேகத்தைக் குறைக்கச் சொன்னான்.

கரைக்குத் திரும்பும் வழியில் சீஃப் அவன் பக்கத்தில் வந்து நின்றார். உதடு தெரிகிற மாதிரி முகத்தைத் திருப்பிக் கேட்டார்.

"வெயில்லதான் எடுத்தியா?"

"ஆமா சார்."

"நான் கேட்டேனேப்பா."

அவ்வளவுதான். நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கொஞ்சம் நிமிர்ந்திருப்பான்.

மானேஜர் போனில் கத்தினார். அவர் கத்தியதால் அவனுக்கு நன்றாகக் கேட்டது. மாற்று ஆள் இல்லை. இருக்கிற இன்னொருவன் வேறொரு சமுத்திரத்தில் வேறொரு கப்பலைப் பிரித்துப் போட்டிருக்கிறான். ரெசினை உடைத்தெடுத்து, மறுபடி அளவெடுத்து, ஊற்றி, ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"எங்க அக்காவுக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன் சார். இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"போறதுன்னா போ. நான் கையைக் காலைப் பிடிச்சா வச்சிருக்கேன்? ஆனா அப்படியே போயிடு. திரும்பி இங்க வராதே."

அங்கேதான் முடிச்சு. அக்காவின் ஆஸ்பத்திரி அனுமதி அவனுடைய கம்பெனிக் காப்பீட்டில் நடந்துகொண்டிருந்தது. வேலை போனால் அந்த அனுமதியும் போகும். ஆபரேஷன் நடக்க வேண்டுமானால் அவன் அக்கா பக்கத்தில் இருக்கக் கூடாது. அவன் அங்கே இருந்தால் ஆபரேஷன் நடக்காது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அந்தத் தாழ்ப்பாள் விலகவில்லை. நேராக நிற்க வேண்டியதை அவனே கோணலாக்கிக் கல்லும் வைத்துப் பூசிவிட்டான். யாரை நொந்து என்ன பயன்?

வெள்ளியும் சனியும் உளியும் சுத்தியலும்தான். போர்மேன் சொன்னபடியே. அவர் மூன்று ஆட்களை அழைத்துவந்தார். தானும் உட்கார்ந்து உடைத்தார். "அன்னைக்கே சொன்னேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர் ரொம்பக் கஷ்டப்பட்டது மட்டும் தெரிந்தது. ஓய்வு வேளையில் பேச்சுவாக்கில் அக்காவின் கதையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அன்னைக்குச் சாயங்காலம் உங்களைக் கேட்காமலே வழிச்சு எறிஞ்சிருப்பேன்" என்றார் போர்மேன். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஞாயிறு விடியலில், வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே மறுபடி அளவெடுத்தான். கீழ்ப்பக்க இடைவெளி முன்பு எடுத்ததிலிருந்து தெள்ளத்தெளிவாக விலகி நின்றது. கியர்பாக்ஸை நகர்த்தி, நிறுத்தி, ரெசினை ஊற்றினான். அந்த நாள் முழுவதும் அதற்கே போனது.

சாயங்காலம் துறைமுக மேடையில், ஒரு இரும்புத் தூணின் நிழலில் நின்றுகொண்டு வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டான். பக்கத்துத் துறையில் ஒரு கப்பலின் துருவை மணலடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பாம்பு ஒன்றாகச் சீறுகிற மாதிரி இரைச்சல். திரையில் அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள். எதற்கோ தயாராக உட்கார்ந்திருப்பவள் போல முதுகை நிமிர்த்தியிருந்தாள். படம் விட்டுவிட்டு வந்தது. உதடு ஒரு பக்கம் நின்றது, சத்தம் வேறு பக்கம் போனது.

"கேக்கலக்கா… இங்க சத்தம்… இரு…"

தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த போர்மேன் என்ன நினைத்தாரோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்துத் துறைக்கு ஓடினார். கைகளை ஆட்டி ஏதோ கத்தினார். ஒவ்வொரு குழாயாக அடங்கியது. துறைமுகம் முழுவதும் திடீரென்று வாயை மூடிக்கொண்டது. மணல் அடித்துக்கொண்டிருந்தவர்கள் முகமூடியைத் தூக்கிவிட்டு, யார் செத்தது என்பது போலப் பார்த்தார்கள்.

அந்த அமைதியில் அவன் போனைக் காதோடு அழுத்தினான். அக்கா பேசினாள். நீளமாகப் பேசினாள். அவனுக்குக் கேட்டது மூச்சுக்காற்று மட்டும்தான். காகிதத்தைக் காகிதத்தால் தேய்க்கிற மாதிரி. போனை முகத்துக்கு நேரே பிடித்தான்; படம் உறைந்து, வாய் பாதி திறந்தபடி நின்றது. மறுபடி காதுக்குக் கொண்டுபோனான். மூச்சு. இடையில் ஒரு சிரிப்பு போல ஏதோ. பிறகு மறுபடி மூச்சு.

அது நின்றதும் அவன் சொன்னான்.

"சரிக்கா."

அக்கா பக்கம் மறுபடி மூச்சு உரசியது. பிறகு மாமாவின் குரல் வந்தது.

"'என்ன சரி'ங்கறாப்பா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மாமா, அவ என்ன சொன்னா? நீங்க சொல்லுங்க மாமா."

"திட்டினா. உன்னை மூணு வயசுல கிணத்தடியில தேடினதுல ஆரம்பிச்சு…" அண்டா இரண்டு படி உருண்டு, எங்கோ முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. "அவ சொன்ன மாதிரி எனக்குச் சொல்ல வரலப்பா. வரலப்பா எனக்கு."

போன் அணைந்தது. போர்மேன் பக்கத்துத் துறைப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். பாம்புகள் மறுபடி சீறத் தொடங்கின.

திங்கட்கிழமை காலை அவன் கியர்பாக்ஸுக்கு அடியில் படுத்திருந்தான். ரெசின் இன்னும் முழுதாக இறுகவில்லை. அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் படுத்திருந்தான். மதியம் மாமாவிடமிருந்து செய்தி வந்தது. "முடிந்தது. நன்றாக இருக்கிறாள்." அவன் அந்த இரண்டாவது வாக்கியத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை கடலோட்டம். பேரிங் கடைசிவரை குளிர்ந்தே கிடந்தது. காதடைப்பானைக் கழற்றிக் கேட்டான். ஒரு முனகல் இல்லை. சீஃப் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல வேலை" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணிக்கு நடுவே ஒரு குழாய். அதன் வழியாக மூச்சு போய் வந்தது. அவனைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. அந்தப் புருவம் எப்போதும் திட்டுக்கு முன்னால் வருகிற மணி. பின்னால் வர வேண்டியது வரவில்லை.

வழியெல்லாம் அவன் ஒரு நம்பிக்கையைச் சுமந்துகொண்டு வந்திருந்தான். குரல் போனால் என்ன, உதடு இருக்கிறதே. உதட்டைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தானே. நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"சொல்லுக்கா. இப்பத் திட்டு. நான் பார்த்துக்கறேன்."

அவள் உதடுகளை அசைத்தாள். அவன் கண்கொட்டாமல் பார்த்தான். முதல் வார்த்தை 'பெட்டி'. அது புரிந்தது. அடுத்தது புரியவில்லை. அதற்கடுத்ததும் புரியவில்லை. இத்தனை காலம் தான் படித்தது உதட்டை மட்டுமல்ல என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. அவளிடமிருந்து காதுக்குள் வந்து விழுந்த அந்தக் கொஞ்சம் சத்தம்தான் வழிகாட்டியாக இருந்திருக்கிறது. அது இல்லாமல், உதடுகள் தண்ணீருக்குள் மீன் வாய் திறப்பது போலத் திறந்து மூடின.

"இன்னொரு தடவைக்கா."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். கழுத்துக் குழாயில் மூச்சு சீறியது.

"மெதுவா… இன்னொரு தடவை."

மூன்றாவது முறை பாதியிலேயே அவள் கையை அசைத்து விட்டுவிட்டாள். நர்ஸ் கொடுத்திருந்த சின்ன எழுதுபலகை மடியில் இருந்தது. அதில் 'தண்ணி' என்றும் 'ஃபேன்' என்றும் எழுதி அழித்த தடம் தெரிந்தது. அவன் அதை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் பேனாவின் மூடியைத் திறந்தாள். வெள்ளைப் பரப்பையே பார்த்தாள். பிறகு மூடியை மாட்டி, பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எழுதினால் அது திட்டாக இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாமாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டான். "விடுப்பா. திட்டினா, அவ்வளவுதான்" என்றார். அவர் குரலிலும் பழைய அண்டா இல்லை. வீட்டில் ஒருவர் மெதுவாகப் பேசினால் மற்றவருக்கும் குரல் இறங்கிவிடும் போலிருக்கிறது.

வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். தையல்கடை மூடியே இருந்தது. இரண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து, அவளுக்கும் சேர்த்துத் தாங்களே பேசிவிட்டு, சீக்கிரம் எழுந்துகொண்டார்கள். அவள் குரலை அவன் நினைவுபடுத்திப் பார்க்க முயன்றான். "என்ன சரி?" என்று அவள் கேட்கிற தொனியை. வார்த்தை வந்தது, தொனி வரவில்லை. அதற்குப் பதிலாகக் காதில் வந்தது அந்தக் கடலோட்டத்து உரசல்தான். அது மட்டும் எப்போது கூப்பிட்டாலும் ஓடி வந்தது.

பிறகு மானேஜர் போன் செய்தார். இன்னொரு துறைமுகம், இன்னொரு கப்பல், இன்னொரு சூடான பேரிங். "இந்தத் தடவை காலையிலயே எடுத்துடுப்பா" என்று சிரித்தார். அவன் செருப்பு அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவிலிருந்து பெட்டியை இழுத்தான். அதைப் பிரிக்கவே இல்லை.

அக்கா வாசல்வரை வந்தாள். கழுத்தைச் சுற்றி, அவளே தைத்த ஒரு மெல்லிய துணி. அதன் மடிப்புகூடக் கச்சிதமாக இருந்தது. வாசற்படியில் நின்று, அவன் முகத்தைப் பார்த்து, உதடுகளை அசைத்தாள். நாலைந்து வார்த்தை இருக்கும். வெயில் பக்கவாட்டில் விழுந்து அவள் முகம் நன்றாகவே தெரிந்தது. அவன் ஒவ்வொரு அசைவையும் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

இன்னொரு தடவை என்று கேட்க வாயெடுத்தான். கழுத்துத் துணி மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்தான். கேட்கவில்லை.

"சரிக்கா" என்றான்.

சொல்லிவிட்டு நின்றான். பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த இரண்டு வார்த்தை மட்டும் வந்தால் போதும். அதை எந்தச் செவிடனும் படித்துவிடுவான். அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. அவனுக்குப் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. எப்போதும் போல, உடனே தெரிந்தது.

உதடுகள் அசையவில்லை. அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, உள்ளே போனாள்.